துபாஷிக்குத் தனி விலை

1994-ம் வருஷம் அக்டோபர் மாதம் 14-ம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணி இருபது நிமிஷம். விஜயதசமி. வானம் மூடிக் கிடந்தது. மூன்று நாளாகவே அப்படித்தான். மேகம் வருவதும் நிற்பதுமாக இருந்ததே தவிர ஒரு சொட்டு இறங்கவில்லை. காற்று அசையாத புழுக்கம். குளித்து வந்த ஈரம் காயுமுன் முதுகு வேர்த்துவிட்டது.

வாசலில் மொபெட் சத்தம் கேட்டது. என் மனைவியின் தம்பி. விசேஷ நாளில் வந்தால் அவர் "அக்கா" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே வருவார். அன்று "அத்தான்" என்றார். அந்த ஒரு சொல்லிலேயே எங்கோ ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

"அத்தான், பெரிய கடையில மெஷின் தொறக்க மாட்டேங்குது."

"என்ன சொல்லுது?"

"சாவியப் போடுங்குது. சாவி உள்ளதான் கெடக்கு. எடுத்து எடுத்துப் போட்டாலும் சாவியப் போடு, சாவியப் போடுங்குது. ஒம்பதுக்குள்ள புதுக்கணக்கு ஆரம்பிக்கணும்னு அண்ணாச்சி நேரம் குறிச்சு வச்சிருக்காக. குளிச்சு முழுகி, வெள்ளையுஞ் சொள்ளையுமா உக்காந்திருக்காக. சட்டையப் போடுங்க."

சட்டையைப் போட்டேன். மேல் பொத்தானைக் கீழ்த் துளையில் மாட்டியிருந்ததை மொபெட்டில் ஏறிய பிறகுதான் பார்த்தேன்.

இது என்ன மெஷின், என்ன சாவி என்பதைச் சொல்லிவிட வேண்டும். அருப்புக்கோட்டையில் ஒரு நூற்பாலையில் இருபத்தேழு வருஷம் கணக்குப் பிரிவில் இருந்தேன். கடைசி எட்டு வருஷம் கம்ப்யூட்டரில் சம்பளக் கணக்கு போட்டது நான்தான். ஆட்குறைப்பு வந்தபோது, நிர்வாகம் அனுப்புமுன் நாமே போய்விடுவோம் என்ற பயத்தில் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்தேன். எனக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. ஓய்வூதியம் கிடையாது. சேமநிதியும் பணிக்கொடையுமாகச் சேர்ந்து அறுபத்தெட்டாயிரத்து நானூறு ரூபாய் கையில் வந்தது. அவ்வளவுதான் எங்கள் மிச்ச வாழ்க்கை. அதை பாங்கில் போட்டுவிட்டு வட்டியை எண்ணிக்கொண்டு இருந்திருக்கலாம். மாப்பிள்ளை, அதாவது மனைவியின் தம்பி, விடவில்லை. அவர் தானியக் கடைகளுக்கு நடுவில் பேசி முடித்துத் தரகு வாங்குகிறவர். "கமிஷன் கடைக்கு எல்லாம் கம்ப்யூட்டர் வந்துக்கிட்டிருக்கு அத்தான். மெஷின வாங்கிட்டாக, உள்ள கணக்கு இல்லாம முழிச்சுக்கிட்டிருக்காக. நீங்க எழுதுங்க, நான் விக்கேன். லாபத்துல ஆளுக்குப் பாதி" என்றார்.

எழுதினேன். மல்லியோ உளுந்தோ வத்தலோ எத்தனை மூடை வந்தது, எடை என்ன, கழிவு என்ன, ஏற்றுக்கூலி இறக்குக்கூலி என்ன, கமிஷன் என்ன, ஊர்ப் பொதுவுக்கு மூடைக்கு இவ்வளவு என்று வியாபாரிகள் எடுத்து வைக்கும் மகமை என்ன என்று எல்லாவற்றையும் போட்டு, சரக்குக் கொண்டுவந்த சம்சாரிக்கு, அதாவது விவசாயிக்கு, சேர வேண்டிய தொகையைச் சீட்டாக அடித்துக் கொடுக்கும் கணக்கு. ஏழு மாதம் ஆயிற்று.

ஒரு சிக்கல். நான் எழுதியது மில்லில் கற்ற பழைய கம்ப்யூட்டர் மொழியில். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அதை மெஷின் நேராகப் படிக்காது. வரிக்கு வரி படித்து மெஷினுக்கு எடுத்துச் சொல்ல நடுவில் இன்னொரு கருவி வேண்டும். மில்லுக்கு வந்த மெஷினில் அந்தக் கருவி மெஷினோடு சேர்ந்தே வந்தது. அதற்கென்று யாரும் பணம் கேட்டதில்லை, ஆகவே அது தனி என்றே எங்களுக்குத் தெரியாது. பின்னால் வந்த மெஷின்களில் அதைக் காணோம். சென்னையில் ஒரு கம்பெனி அதைத் தனியாக விற்றது. கம்பெனி வைத்திருந்த பெயர் எங்கள் ஆட்கள் வாயில் நுழையவில்லை. ரெண்டு பாஷைக்கு நடுவில் நிற்பதால் நான் துபாஷி என்று சொல்லிவைத்தேன். அதுவே நிலைத்துவிட்டது.

துபாஷி ஒரு சதுரத் தகட்டில், அஞ்சேகால் அங்குல பிளாப்பியில் வரும். தினமும் காலையில் மெஷினைப் போட்டதும் அந்தத் தகட்டைச் சொருக வேண்டும். அசல் தகடுதான் என்று மெஷினுக்குத் திருப்தியான பிறகே கணக்கு திறக்கும். நகல் எடுத்தால் நகல் திறக்காது. அதனால் கடைகளில் அதைச் சாவி என்றும் சொன்னார்கள். பத்தாக வாங்கினால் தகடு ஒன்று இரண்டாயிரத்து ஐந்நூறு என்றார்கள். பத்து வாங்கினேன். சேமநிதியிலிருந்து இருபத்தைந்தாயிரம் அப்படியே போயிற்று. டிராஃப்ட் எடுக்கப் படிவத்தில் கையெழுத்துப் போட்ட பேனாவை மூட எனக்கு இரண்டு முறை முயல வேண்டியிருந்தது.

ஜூன் மாதத்தில் விலை பேசினோம். என் யோசனை இது: கணக்கு என் பொருள், ஆறாயிரம். துபாஷி கம்பெனியின் பொருள், மூவாயிரம். பில்லும் இரண்டு. துபாஷிக்கு ஒரு கெடுதல் வந்தால் அது அவர்களும் கம்பெனியும் பேசிக்கொள்ள வேண்டியது. என் தலையில் வராது.

மாப்பிள்ளை சிரித்தார். "கத்திரிக்காய்க்கு ஒரு வெல, காம்புக்கு ஒரு வெலயா அத்தான்? தெருவுல எவனும் நிக்க மாட்டான். ஒம்பதாயிரம். எல்லாஞ் சேத்து. ஒத்த வெல. அவுக கேக்குறது ஒரே கேள்விதான், 'எல்லாஞ் சேத்து என்னய்யா ஆகும்?' அவ்வளவுதான்."

"கெட்டுப்போனா?"

"என்ன கெட்டுப்போகும்? சொத்த விழுகுற பண்டமா அது? தகடு."

"காம்பு இல்லாமலும் கத்திரிக்காய் வேகும். இது வேகாது மாப்பிள்ளை."

"அப்ப சேத்துத்தான விக்கணும்? நீங்களே சொல்லிட்டீக."

என் மனைவி அடுக்களையிலிருந்து, "தம்பி சொல்றது சரிதான, எண்ணெய் தனி வெலன்னு சொல்லியா வடை விக்கிறாக?" என்றாள். இரண்டுக்கு ஒன்று. ஒத்துக்கொண்டேன்.

ஒத்துக்கொண்ட அன்றிலிருந்து பயம். விற்பனை ஒன்று நடக்கும்போதெல்லாம் மற்றவர்களுக்குச் சந்தோஷம், எனக்கு இன்னொரு தகடு ஊருக்குள் அலைகிறது என்ற கவலை. அருப்புக்கோட்டையில் ஐந்து கடை, பாளையம்பட்டியில் ஒன்று, திருச்சுழியில் ஒன்று. ஏழு தகடு வெளியே, மூன்று என் பீரோவில். கடைக்காரர்கள் பாதிப் பணம் கொடுத்தார்கள். மீதிப் பாதி தீபாவளிக்கு என்று பேச்சு. ஒவ்வொரு கடையிலும் மெஷின் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டினேன். வெயிலில் வைக்காதே, வளைக்காதே, காந்தம் பக்கம் கொண்டுபோகாதே, ரேடியோப் பெட்டி மேல் வைக்காதே, ஈரக் கையால் தொடாதே, மூடைத் தூசு படவிடாதே என்று பதினொரு விதி. அதோடு நிற்காமல் பஸ் ஏறிப் போய்ப் பார்ப்பேன். தகட்டைப் பார்க்க வந்தேன் என்று சொல்ல வெட்கம். இந்தப் பக்கம் ஒரு சோலி இருந்தது என்று சொல்லி, காப்பி குடித்தபடி ஓரக்கண்ணால் தகடு உறைக்குள் இருக்கிறதா என்று பார்ப்பேன். ஆடிக் காற்றில் தூசு பறந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. எலி, கரையான், குழந்தைகள், கரண்டு ஏறி இறங்குவது என்று எல்லாவற்றுக்கும் பயந்து முடித்திருந்தேன்.

பெரிய கடைக்குள் நுழைந்தபோது சாம்பிராணி வாசம் இன்னும் இருந்தது. முந்தின நாள் ஆயுத பூஜை. தராசு, எடைக்கல், மூடையில் குத்திச் சரக்கு எடுத்துப் பார்க்கும் குத்தூசி, கல்லாப் பெட்டி, பேனா, எல்லாவற்றிலும் சந்தனமும் குங்குமமும். மெஷினின் கண்ணாடி முகத்தில் மூன்று பட்டையாகத் திருநீறு. நடுவில் பெரிய குங்குமப் பொட்டு. அது மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது.

தகட்டை வெளியே எடுத்தேன். பிளாப்பியின் நடுவில் வட்டமாக ஒரு துளையும், அதற்குக் கீழே நீளவாக்கில் ஒரு திறப்பும் இருக்கும். அந்தத் திறப்பு வழியாகத்தான் உள்ளே உள்ள பழுப்பு வட்டை மெஷின் தொட்டுப் படிக்கும். அந்தத் திறப்பை நெற்றி என்று நினைத்திருக்கிறார்கள். சந்தனத்தைக் குழைத்து அதில் பூசி, நடுவில் குங்குமம். காய்ந்து பொருக்கு விட்டிருந்தது. மெஷினுக்குள் சுற்றியதில் பொருக்கு உடைந்து, பழுப்பின் மேல் வட்டமாக ஒரு வெள்ளைக் கீறல்.

"சாவிக்கும் வச்சமே சார்" என்றார் அண்ணாச்சி. அவர் அந்தத் தெருவிலேயே பெரிய கமிஷன் வியாபாரி. எழுபதை நெருங்கியவர். "தெனம் தொறந்து விடுற சாமான் அதுதான? அதுக்கு வைக்காம எப்படி? நானே எங்கையால வச்சேன்."

நான் தகட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"என்ன சார், மொகம் வெளுத்துப் போச்சு? சந்தனம் நல்ல சந்தனம். கட்டைய வாங்கி வீட்ல அரைச்சது."

"உள்ளே போயிருச்சு அண்ணாச்சி."

"போனா?"

"படிக்காது."

அவர் கோபப்படவில்லை. சுவரில் மணியைப் பார்த்தார். கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு, "பழைய மாதிரி நோட்டுல எழுது. பிள்ளையார் சுழி போடு" என்றார். விஜயதசமி நாளில், குறித்த நேரத்தில், அவர் பணம் கொடுத்து வாங்கிய கணக்கு திறக்கவில்லை. அவர் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும். "காப்பி சாப்பிட்டுப் போங்க" என்றார். அந்தக் காப்பியையும் குடித்தேன்.

தெருவில் இறங்கியதும்தான் அடுத்த பயம் வந்தது. பூஜை ஒரு கடையில் மட்டுமா நடந்திருக்கும்?

அடுத்த கடை. சந்தனம். அதற்கடுத்த கடை. சந்தனத்தோடு ஒரு செவ்வந்தி இதழையும் ஒட்டியிருந்தார்கள். நாலாவது கடை, ஐந்தாவது கடை. ஒரு கடையில் வயதான அம்மா ஒருவர், "நெத்தி பெருசா இருந்துச்சுய்யா, அதான் நெறையா வச்சேன்" என்று சொன்னார். ஒவ்வொரு கடைப் படியிலும் கால் வைக்குமுன் நின்று மூச்சு விட்டுக்கொண்டேன். நின்றதால் எதுவும் மாறவில்லை.

டவுன் பஸ்ஸில் பாளையம்பட்டிக்குப் போனேன். அந்தக் கடை பாதிக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே தகடு உறைக்குள் சுத்தமாக இருந்தது. தராசில் பொட்டு இல்லை, மெஷினில் பட்டை இல்லை. கடைக்காரர் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தார். "அப்பா தவறி இன்னும் நாள் கழியல சார். இந்த வருஷம் பூஜை கெடையாது" என்றார். எனக்குள் சட்டென்று ஒரு சந்தோஷம் பொங்கி வந்தது. அதை முகத்தில் காட்டிவிடக் கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் நான் துக்கப்படுவதாக நினைத்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

திருச்சுழி பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மதியம் தாண்டிவிட்டது. அங்கே கடைக்காரர் என்னைவிட இளையவர், நல்ல மனுஷர். "சார், நீங்க பயப்படாதீக, நானே சரி பண்ணிட்டேன்" என்று வரவேற்றார். காலையில் திறக்கவில்லை என்றதும் தகட்டை வெந்நீரில் அலசி, துணியால் துடைத்து, நிழலில் காயப்போட்டிருந்தார். "வெயில்ல வைக்கல சார். நீங்க எழுதி ஒட்டுனது ஞாபகம் இருந்துச்சு."

ஆறு போச்சு. கையில் மூன்று. குறைவது மூன்று.

மறுநாள் சனிக்கிழமை பெரிய கடையில் கூடினோம். கடைக்காரர்கள் ஆறு பேர், மாப்பிள்ளை, நான். சண்டைக்கு என்று யாரும் வரவில்லை. ஆனாலும் எனக்குப் பயம். மீதிப் பணம் அவர்கள் கையில். துபாஷிகள் வாங்கக் கொடுத்த பணம் என் சேமநிதி. இந்த ஆறு பேரும் வாயைத் திறந்து "மில்லுக்காரர் கணக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டால், ஏழே நாளில் விருதுநகர் வரை செய்தி போய்விடும். அதன்பிறகு எட்டாவது ஆள் வாங்க மாட்டார்.

அண்ணாச்சி தொடங்கினார். "சார், ஒரு கேள்விதான். அந்த ஒம்பதாயிரத்துல துபாஷி உண்டா, இல்லையா?"

"உண்டு அண்ணாச்சி. ஆனா..."

"உண்டுல்ல? ஆனாவ அப்பறம் பாப்போம்."

சிரித்தார்கள். நான் விடவில்லை. "பொருள் தானாக் கெடல. சந்தனம் வச்சதால கெட்டது."

"சந்தனம் வச்சாக் கெட்டுப்போகும்னு எந்த ஊருல சார் இருக்கு?" என்றார் செவ்வந்தி இதழ் ஒட்டிய கடைக்காரர். "பதினோரு விதி எழுதுனீக. காந்தத்த எழுதுனீக. காந்தம் எங்க கடையில எங்க இருக்கு? எங்க கடையில இருக்குற ஒண்ண எழுதல."

அது உண்மைதான். நான் முந்தின நாள் முழுக்க மனதில் தயார் செய்திருந்த வாதத்தை எடுத்தேன்.

"அண்ணாச்சி, நீங்க சம்சாரிகிட்ட மல்லி வாங்குறீக. எடை போட்டதும் சாக்குக்கு ஒரு கிலோ கழிக்கிறீக. சரக்கு வேற, சாக்கு வேற. என் கணக்குலயே அதுக்கு ஒரு கட்டம் இருக்கு."

"ஆமா."

"அதே மூடைய வெளியூர்க்காரருக்கு விக்கும்போது சாக்கோட எடை போட்டு விக்கிறீக. அதுக்கும் ஒரு கட்டம் இருக்கு."

திருச்சுழிக்காரர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அண்ணாச்சியும் சிரித்துவிட்டார். "சார் மில்லுல இருந்தாகன்னு நெனச்சேன். நம்ம கல்லாவுக்குள்ளதான் உக்காந்திருந்திருக்காக."

"குத்தமாச் சொல்லல அண்ணாச்சி. வாங்கும்போது தனி, விக்கும்போது சேத்து. ரெண்டும் வழக்கம். நானும் விக்கும்போது சேத்து வித்தேன். சரக்கு இறங்கி, நீங்க ஏத்துக்கிட்ட பெறகு சாக்கு கிழிஞ்சா, வித்தவனா பொறுப்பு?"

அண்ணாச்சி காப்பியை ஆற்றினார். டம்ளரிலிருந்து டவராவுக்கு, டவராவிலிருந்து டம்ளருக்கு.

"பொறுப்பில்ல" என்றார்.

தப்பித்தோம் என்று நினைத்தேன். மாப்பிள்ளை என் முழங்காலைத் தட்டினார்.

"ஆனா சார், சாக்கு கிழிஞ்சா நான் என்ன செய்வேன்? வேற சாக்கு எடுத்து அதுல கொட்டிக்கிடுவேன். சாக்கு எந்தக் கடையிலயும் கெடைக்கும். ஒங்க சரக்க நான் எதுல கொட்டுறது? ஒங்க சாக்குல மட்டுந்தான அது நிக்கும்? வேற சாக்குல நிக்காதுன்னா, அது சாக்கு இல்ல சார். அதுவும் சரக்குதான்."

வேறு மொழியில் எழுதியிருந்தால், வேறு கருவி எங்கும் கிடைத்திருந்தால் பேசியிருக்கலாம். எனக்குத் தெரிந்தது அந்த ஒரு பழைய மொழி. அவரிடம் நான் தோற்றது வியாபாரத்தில் இல்லை, நியாயத்தில். அதுதான் எனக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது. அநியாயம் என்றால் யாரிடமாவது போய் முறையிடலாம்.

"தீபாவளிக்குள்ள குடுத்துருங்க சார். மிச்சப் பணத்த அன்னைக்கே எண்ணி வாங்கிக்கிடுங்க. ஒங்கள நாங்க விட்டுப்போகல" என்றார் அண்ணாச்சி.

பீரோவிலிருந்த மூன்று தகட்டை அன்று சாயந்திரமே பெரிய கடைக்கும் இன்னும் இரண்டு கடைக்கும் கொடுத்தேன். பிறகு எஸ்டிடி பூத்திலிருந்து சென்னைக் கம்பெனிக்குப் பேசினேன். மீட்டரில் ரூபாய் ஓடுவதைப் பார்த்தபடியே பேசியதால் இரண்டு முறை அவர் சொன்னதைத் திரும்பக் கேட்க வேண்டியதாயிற்று.

"அது பழசு சார். தனியா விக்கிறத நிறுத்தியாச்சு. புதுசோட சேர்த்து ஒரே செட்டாத்தான் வரும். ஏழாயிரத்து எண்ணூறு."

"எனக்குப் புதுசு வேண்டாமே. பழசு மட்டும் போதும்."

"தனியா பில் போட முடியாது சார். எல்லாம் சேர்த்துத்தான்."

ஜூன் மாதத்தில் மாப்பிள்ளை பேசிய அதே பேச்சு, சென்னைப் பேச்சில்.

மாப்பிள்ளை பூத்துக்கு வெளியே நின்றிருந்தார். தொகையைக் கேட்டதும் என்னை ஓரமாக அழைத்துப் போனார். "அத்தான், மதுரையில ஒரு ஆளு இருக்காரு. தகட்டுக்கு எரநூறு குடுத்தா, சாவியே கேக்காமத் தொறக்குற மாதிரி பண்ணிக் குடுத்துருவாராம். அறநூறு ரூவாயில முடிஞ்சுரும்."

"கேசு போட்டா?"

"திருச்சுழி கடைக்குள்ள வந்து எவன் பாக்கப்போறான்?"

பத்து தகட்டிலும் என் பெயர், என் முகவரி கம்பெனியில் பதிவாகியிருந்தது. யாரோ ஒருவர் வந்து பார்ப்பார், போலீஸ் ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார வைப்பார்கள், மில்லில் கூட வேலை பார்த்தவர்கள் அந்தப் பக்கமாகப் போவார்கள் என்று அடுத்தடுத்து எனக்குத் தெரிந்தது. நேர்மையால் மறுத்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். பயத்தால்தான் மறுத்தேன்.

"அப்ப நஷ்டத்தையும் ஆளுக்குப் பாதியா வச்சுக்கிடுவோமா?" என்று கேட்டேன்.

அவர் மொபெட்டின் கண்ணாடியைத் திருப்பிச் சரி செய்தார். "நஷ்டத்தப் பத்தி நாம பேசவே இல்லையே அத்தான்."

வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி தம்பியையும் ஏசவில்லை, என்னையும் ஏசவில்லை. பாங்குப் புத்தகத்தை எடுத்து என் பைக்குள் வைத்தாள்.

சென்னைக்கு பஸ்ஸில் போனேன். நேரில் கெஞ்சினால் குறைப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை. இரண்டாம் மாடியில் அந்த ஆபீஸ். அங்கிருந்தவர் மரியாதையானவர். ஒரு செட்டைத் திறந்தே காட்டினார். மேலே இரண்டு தடித்த புத்தகம், அதன் கீழே புதுத் தகடுகள் ஒன்பது, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு காகித உறைக்குள் என் பழைய துபாஷி. கையை நீட்டினால் எடுத்துவிடலாம்.

"இத மட்டும் எடுத்துக்கறேன். மிச்சத்த நீங்களே வச்சுக்கங்க. ரெண்டாயிரத்து ஐந்நூறு தர்றேன், மூவாயிரம் வேணும்னாலும் தர்றேன்."

"இத எடுத்துட்டா மிச்சத்த நான் யாருக்கு சார் விப்பேன்? செட்டு உடைஞ்சுபோச்சுன்னு சொல்வாங்க." அவர் வருத்தத்தோடுதான் சொன்னார். "உங்களைப் போல பழைய கணக்கு வச்சிருக்கிறவங்க இதுக்காக வருவீங்கன்னு தெரிஞ்சுதான் சார் உள்ள வச்சிருக்காங்க."

மூன்று செட். இருபத்து மூவாயிரத்து நானூறு. குறைக்காவிட்டால் என்ன செய்வது என்று முழுத் தொகைக்கும் எடுத்துப் போயிருந்த டிராஃப்டை நீட்டியபோது பேனா பிரச்சினை இல்லை. கையெழுத்து ஊரிலேயே போட்டாகிவிட்டது. திரும்பி வரும்போது மூன்று பெட்டியையும் மேலே கேரியரில் போடச் சொன்னார் கண்டக்டர். மாட்டேன் என்று மடியில் ஒன்று, காலுக்கு நடுவில் இரண்டு என்று வைத்துக்கொண்டு ஊர்வரை வந்தேன். விழுப்புரம் தாண்டி மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் ஷட்டர் சரியாக இறங்கவில்லை. என் வேட்டியால் பெட்டியை மூடிக்கொண்டேன்.

அருப்புக்கோட்டைக் கடைகள் இரண்டுக்கும் கொடுத்துவிட்டு, கடைசியாகத் திருச்சுழிக்குப் போனேன். தகடு சொருகியதும் கணக்கு திறந்தது. கடைக்காரர் சிரித்துக்கொண்டே மீதிப் பணத்தை எண்ணி வைத்தார். பிறகு என் பையைப் பார்த்தார்.

"இது வந்த பெட்டியில மிச்சம் என்ன சார்?"

"புதுசு. உங்க கணக்குக்கு ஆகாது. புஸ்தகம் ரெண்டு இருக்கு, அவ்வளவுதான்."

"அதுவும் இதோட சேந்து வந்ததுதான? சேந்து வந்தது சேந்தே இருக்கட்டும் சார். இங்கதான் எடம் கெடக்கே."

இதற்கு மேல் வாதாட என்னிடம் பலம் இல்லை. அடுத்த பஸ்ஸில் கொண்டுவந்து கொடுத்துவிட்டேன். மற்ற இரண்டு பேரும் இதைக் கேள்விப்பட்டு அவரவர் பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

அதன்பிறகு நான் யாருக்கும் விற்கவில்லை. மாப்பிள்ளை இரண்டு முறை ஆள் கூட்டி வந்தார். துபாஷி கிடைக்காது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஏழு கடையும் அந்தக் கணக்கை வைத்திருந்த வரைக்கும், 95, 96, 97 ஆகிய மூன்று வருஷமும், ஆயுத பூஜைக்கு முந்தின நாள் பஸ் ஏறிப் போய் ஏழு தகட்டையும் உறையை விட்டு உருவி வாங்கி வந்துவிடுவேன். "பூஜைக்கு இல்லாத சாமான் கடைக்கு எதுக்கு சார்?" என்று அண்ணாச்சி முதல் வருஷம் முறைத்தார். வெற்று உறையை அவரிடம் கொடுத்து, இதற்கு வையுங்கள் என்றேன். உறைக்கு நிறையச் சந்தனம் வைத்தார். பூஜை நாள் முழுவதும் ஏழு தகடும் என் பீரோவில் இருக்கும். நான் பீரோவைப் பார்த்தபடி வீட்டிலேயே இருப்பேன், கடைத்தெருப் பக்கம் போக மாட்டேன். விஜயதசமி காலை விடியுமுன் கிளம்பி ஒவ்வொரு கடையாகக் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒவ்வொரு கடையிலும் மெஷின் கணக்கைத் திறக்கும்வரை படியை விட்டு இறங்க மாட்டேன்.

ஆறு தகடு கெட்டதில் துபாஷிக்கென்று நான் தனியாகப் போட்டுவைத்த கணக்கு இது: சென்னையில் வாங்கிய மூன்று செட் 23,400. பீரோவிலிருந்து கொடுத்த மூன்று தகடு 7,500. சென்னை போய்வந்த பஸ், சாப்பாடு 286. எஸ்டிடி 171. மூன்று வருஷம் தகடு வாங்கப் போன பஸ் 54. மொத்தம் முப்பத்தோராயிரத்து நானூற்றுப் பதினொரு ரூபாய்.